குளியலறைப் பாட்டும் வகுப்பறைச் சொல்லும்

காலையில் குளியலறைக் கதவைச் சாத்தியதும் பாடத் தொடங்குவோர் எல்லா நாட்டிலும் உளர்; காஜாங்கிலும் உளர். ஊரைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்கள் சுருங்கி, அவ்விடங்களில் தாமான்கள் எழுந்தபின், இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பல வரிசை வீடுகளில் வாழ்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அவ்வீடுகளில் ஒருவருடைய பாட்டு அடுத்த வீட்டாருக்கும் உரியதாகிவிடுகிறது. தொட்டி நீரை மொண்டு ஊற்றிக்கொண்டே பழைய திரைப்பாடல் ஒன்றைத் தந்தையார் பாடுகிறார். குரல் கணீரென்று ஒலிக்கிறது. அவருக்கே அது வியப்பாக இருக்கிறது. குளித்து முடித்து வந்தவரிடம் மகள், "அப்பா, அதை இங்கே ஒரு தடவை பாடுங்களேன்" என்கிறாள். கூடத்தில் நின்று இரண்டடி பாடியவர், "தொண்டை கட்டியிருக்கிறதம்மா" என்று நிறுத்திக்கொள்கிறார். ஐந்து நிமிடத்தில் தொண்டை கட்டுவதில்லை. மாறியது தொண்டையன்று, இடமே.

இதற்கு மறுதலையான சான்றும் இவ்வூர் முதியோர் நினைவில் இருக்கும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்குத் தனிக் குளியலறை ஏது? பொதுக் குழாயடி உண்டு. பெண்களுக்கென்று பலகையும் தகரமும் நிறுத்திய மறைப்பு உண்டு. பெரும்பாலும் அதற்குக் கூரை இராது. அங்கும் பாடினார்கள். ஆயின், குளிக்கும் இடத்தில் குரல் இனிக்கும் என்ற எண்ணம் அங்கே தோன்ற வழியில்லை. பாடிய ஓசை மேலே வானத்துக்கும் பக்கத்தில் ரப்பர் மரங்களுக்கும் போய்ச் சேர்ந்ததேயன்றிப் பாடியவர் காதுக்குத் திரும்பி வரவில்லை. எனவே குளிப்பதற்கும் குரலினிமைக்கும் தொடர்பில்லை என்பது தெளிவு. தொடர்பெல்லாம் நான்கு சுவருக்கும் குரலுக்கும் இடையிலேதான்.

ஒலி ஒரு பரப்பில் மோதும்பொழுது அதன் ஆற்றலில் ஒரு பங்கு அப்பரப்பினால் உறிஞ்சப்படுகிறது, எஞ்சியது திரும்புகிறது. துணி, பஞ்சு, மெத்தை முதலியன பெரும்பங்கை உறிஞ்சுவன. அவற்றின் நுண்துளைகளுக்குள் நுழைந்த காற்றின் அசைவு உராய்வினால் தளர்ந்து மிகச் சிறு வெப்பமாக மாறிவிடுகிறது. பளபளப்பான பீங்கான் ஓடு பதித்த சுவரோ நூற்றில் இரண்டு பங்கு அளவே உறிஞ்சும். மற்றைத் தொண்ணூற்றெட்டையும் திருப்பி அனுப்பிவிடும். திரும்பிய ஒலி எதிர்ச்சுவரில் மோதி மீளும். அது மறுபடியும் மோதும். வினாடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் செல்வது இந்நாட்டு வெப்பநிலையில் ஒலியின் விரைவு. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள அறையில் அது ஒரு வினாடிக்குள் இருநூறு தடவைக்கு மேல் சுவரில் மோதிவிடும். அத்தனை மீட்சிகளையும் காது தனித்தனியே பிரித்தறிய இயலாது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, பாடி நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் நீளும் ஒரே கார்வையாகக் கேட்கும். இதற்கே எதிர்முழக்கம் என்று பெயர். எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு. எதிரொலியில் சொல் இரண்டாம் முறையாகத் தனித்துக் கேட்கும். அதற்குச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தொலைவிலேனும் இருத்தல் வேண்டும்.

இந்த முழக்கத்தை அளந்து கணக்கிட முடியும் என்று காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் கிளமென்ட் சபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் 1895-இல் திறக்கப்பட்டது. அதன் விரிவுரை மண்டபம் பார்க்க அழகானது. உள்ளே பேசிய பேச்சோ ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தினால் அது ஏறக்குறைய ஐந்தரை வினாடி மண்டபத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது; அதற்குள் பேச்சாளர் இரண்டு வாக்கியம் பேசியிருப்பார். இக்குறையைப் போக்குமாறு பணிக்கப்பட்டபொழுது சபைனுக்கு வயது 27. ஒலியியலில் அவர் அதுவரை பெயர் பெற்றவரும் அல்லர். ஊர் அடங்கிய நள்ளிரவுக்குப் பின் அவரும் உதவியாளரும், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து ஃபாக் மண்டபத்தில் அடுக்குவர். ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தைக் கணக்கிடுவர். விடிவதற்குள் மெத்தைகள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும்! மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்து, முடிவில் ஒரு வினாடிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்தது. தாம் உடுத்தியிருக்கும் உடையே கணக்கை மாற்றுகிறது என்று கண்டு, பின்னர் எப்பொழுதும் ஒரே உடையுடன் சோதனை செய்தார் என்பதும் அவர் குறித்து வைத்த செய்தி.

அவர் கண்ட விதி எளியது. அறையின் கன அளவை மீட்டரில் கணக்கிட்டு 0.161 ஆல் பெருக்குக; அறையிலுள்ள எல்லாப் பரப்புகளின் மொத்த உறிஞ்சுதிறனால் அதை வகுக்க. கிடைப்பது முழக்க நேரம், அஃதாவது ஒலியின் ஆற்றல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேய்வதற்கு ஆகும் வினாடிகள். உறிஞ்சுதிறனுக்குச் சபைன் முதலில் கொண்ட அளவுகோல் திறந்த சாளரம். திறந்த சாளரத்தின் வழியே போன ஒலி திரும்பாது. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறப்பு முழுமையாக ஒரு சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்புக்குச் சமம். தோட்டத்துக் குளியலிடத்தின் கூரையின்மையை இங்கே நினைவுகூர்தல் தகும். அங்கே கூரை முழுவதும் ஒரே சாளரம்.

இனித் தந்தையாரின் குளியலறையைக் கணக்கிடலாம். அகலம் ஒன்றரை, நீளம் இரண்டு, உயரம் இரண்டரை மீட்டர் என்று கொள்க. கன அளவு 7.5, ஆறு பக்கங்களின் பரப்பு 23.5 சதுர மீட்டர். எல்லாம் பீங்கான் ஓடே என்றால் உறிஞ்சுதிறன் அரைச் சதுர மீட்டர்கூட இல்லை. உள்ளே நிற்கும் மனிதரின் உடல் ஏறக்குறைய அதே அளவு உறிஞ்சும். இரண்டும் சேர்ந்து 0.9 எனக் கொண்டால், முழக்க நேரம் 1.3 வினாடி வரும். இத்துணைச் சிறிய அறைக்கு இவ்விதி தோராயமாகவே பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடமோ 60 கன மீட்டர். ஆயினும் மெத்தை இருக்கைகள், திரைச்சீலைகள், திறந்த வாயில், திறந்த சாளரங்கள் எல்லாம் சேர்ந்து 20 சதுர மீட்டர் உறிஞ்சினால் முழக்கம் அரை வினாடியிலேயே அடங்கிவிடுகிறது. எட்டு மடங்கு பெரிய இடத்தில் குரல் பாதி நேரங்கூட நிற்பதில்லை.

நேரம் மட்டுமன்று, வலிமையும் மாறுகிறது. அறையில் நிறைந்து நிற்கும் மீட்சி ஒலியின் அளவு உறிஞ்சுதிறனுக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆகவே ஒரே முயற்சியுடன் பாடினால், குளியலறையில் சூழ்ந்து நிற்கும் ஒலியாற்றல் கூடத்தில் உள்ளதைப்போல் இருபது மடங்குக்கு மேலாகும். இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. வாயிலிருந்து நேரே வரும் ஒலி தொலைவு கூடக்கூடத் தேயும். மீட்சி ஒலியோ அறையெங்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். இரண்டும் சமமாகும் தொலைவு இந்தக் குளியலறையில் 14 சென்டிமீட்டர் அளவே. பாடுவோரின் வாய்க்கும் அவர் காதுக்கும் உள்ள தொலைவும் ஏறக்குறைய அதுதான்! கூடத்தில் பாடுவோர் காதில் நேரொலியே பதினைந்து மடங்குக்கு மேல் மிகுந்திருக்கும். குளியலறையில் பாடுவோரோ பாதிக்குப் பாதி சுவர்களின் குரலையே கேட்கிறார். தம் குரல் என்று அவர் மகிழ்வதில் பாதி பீங்கான் ஓட்டின் கொடை.

இவ்வாறு பலமுறை மீண்டு வரும் ஒலி பாட்டுக்கு ஏன் நன்மை செய்கிறது? பயிலாத குரலில் சுரம் சிறிது நடுங்கும், மூச்சு முறியும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்பொழுது இடையில் பிசிறு தட்டும். முன்பாடிய சுரம் முழுதும் மறைவதற்குள் பின்பாடிய சுரம் அதன்மேல் வந்து படிவதால் இக்குறைகள் நிரவப்படுகின்றன. மூச்சு விட்ட இடைவெளியை முழக்கம் நிரப்புகிறது. சற்று முன் பாடிய ஆதார சுருதி இன்னும் காற்றில் இருப்பதால், அது தம்புராபோல் நின்று அடுத்த சுரத்துக்கு வழிகாட்டுகிறது என்றும் சொல்லலாம். தம்புரா மீட்டுவோர் பக்கத்தில் இருந்தால் பாடகருக்கு எத்துணைத் துணிவோ, அத்துணையில் ஒரு சிறு பங்கு இங்கே செலவின்றிக் கிடைக்கிறது.

ஆண்குரலுக்கு மட்டும் இன்னொரு சலுகையும் உண்டு. அது ஒத்ததிர்வு. இரு சுவர்களுக்கு இடையே அடைபட்ட காற்றுக்குத் தனக்கே உரிய சில அதிர்வெண்கள் உள்ளன. சுவர்களின் இடைவெளி இரண்டு மடங்காகி ஓர் அலைநீளத்தோடு பொருந்தும்பொழுது அந்தச் சுரம் மட்டும் பொங்கி எழும். மேலே சொன்ன அறையில் அகலத்துக்கு உரியது வினாடிக்கு 116 அதிர்வு, நீளத்துக்கு 87, உயரத்துக்கு 69. இவை தம்முள் கூடியும் பிற அதிர்வெண்களைத் தரும். அவ்வகையில் 111, 135, 139, 145 என்ற எண்கள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைச் சுருதிக்குப் பாடும் ஆண்களின் ஆதார சட்சம் ஏறக்குறைய 131. அவர் மந்தர ஸ்தாயியில் கைசிகி நிஷாதத்துக்கு இறங்கினால் அது 116! அஃதாவது குளியலறையின் அகலமே அந்த நிஷாதத்துக்குச் சுருதி கூட்டி வைத்திருக்கிறது. மேடையில் கீழ்ச்சுரத்துக்கு இறங்கினால் காற்றுமட்டும் வரும் குரலும் இங்கே முழங்குவதற்குக் காரணம் இதுவே. பெண்களும் சிறுவரும் பாடும் உயர்ந்த அதிர்வெண்களில் இந்த ஒத்ததிர்வுகள் மிக நெருங்கி அமைவதால் தனிச்சுரம் எதுவும் பொங்கித் தெரிவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது முழக்கத்தின் நன்மை ஒன்றே.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதாகச் செய்து காட்டலாம். குளியலறையின் ஒரு மூலையில் முகம் வைத்து, வாய் மூடி, மிகத் தாழ்ந்த ஓசையிலிருந்து மெல்ல மேலேறி முனகினால், ஓரிரண்டு இடங்களில் அறை முழுவதும் திடீரென்று அதிர்வது தெரியும். மூலையில் நிற்கச் சொல்வதற்குக் காரணம், எல்லா ஒத்ததிர்வுகளுக்கும் காற்றழுத்தம் மிகும் இடம் மூலையே என்பது. பின்னர் அறை நடுவே ஒருமுறை கைதட்டிக் கேட்க. தடித்த துண்டுகளும் போர்வையும் கொண்டுவந்து தொங்கவிட்டு மறுபடியும் தட்டுக. முதலில் நீண்டு சிலிர்த்த ஓசை இப்பொழுது சட்டென்று அறுந்து விழும். சபைன் மெத்தைகளைக் கொண்டு செய்தது இதுவேதான்.

தண்ணீரின் சலசலப்புக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. அது பாட்டிலுள்ள நுண்ணிய பிழைகளை மூடிவிடுகிறது. மேலும், இரைச்சலுக்கிடையே பேசுவோர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதை எட்டியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-இல் எடுத்துக்காட்டினார். நீர் விழும் ஓசைக்கு எதிராகப் பாடுபவர் முழுத்தொண்டையும் திறந்து பாடுகிறார். பார்ப்போர் இல்லாததால் கூச்சமும் இல்லை. திறந்து பாடிய குரல், திறவாமல் பாடிய குரலைவிட நன்றாயிருத்தல் இயற்கை. வெந்நீர் ஆவியினால்தான் குரல் இனிக்கிறது என்பாரும் உளர். ஈரக்காற்று தொண்டைக்கு இதம் என்பது ஒப்பக்கூடியதே. ஆனால் அறையின் ஓசை அதனால் மாறுவது ஒன்றுமில்லை. இவ்வளவு சிறிய இடத்தில் காற்று உறிஞ்சும் ஒலி கணக்கில் சேராது. தவிரவும், குளிர்ந்த நீரில் குளித்துப் பழகிய வீடுகளிலும் பாட்டு இதே அளவு இனிக்கக் காண்கிறோமே!

ஒலிப்பதிவுத் தொழிலார் இவ்வுண்மையை வெகு காலத்துக்கு முன்பே பயன்படுத்திக்கொண்டனர். சிகாகோ நகரில் பில் புட்னம் என்பவர் 1947-இல் 'ஹார்மோனிகேட்ஸ்' என்னும் மௌத் ஆர்கன் குழுவின் இசைத்தட்டைப் பதிவு செய்தபொழுது, ஒலிப்பதிவுக் கூடத்தின் குளியலறையில் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து, அங்கெழுந்த முழக்கத்தை இசையோடு கலந்தார். அத்தட்டு பெரிதும் விற்பனையாயிற்று. பின்னர் இரும்புத் தகடும் சுருள்வில்லும் அந்த வேலையைச் செய்தன. இன்று அதனை மின்னணுக் கருவிகள் செய்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் திருமண மண்டபங்களிலும் வீடுகளிலும் கரோக்கே பாடுவோர் முதலில் கை வைப்பது 'எக்கோ' என்று எழுதிய குமிழின்மேல். அதைத் திருப்பாமல் பாட அவர்களில் பலர் உடன்படுவதில்லை. அந்தக் குமிழ் வேறொன்றுமன்று. பெட்டிக்குள் அடக்கிய குளியலறை.

முழக்கம் நல்லதென்றால் மிக்க முழக்கம் மிக நல்லதோ எனின், அன்று. இதற்குச் சான்று தேடிக் காஜாங்கிலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள பத்துமலைக்குச் சென்றால் போதும். தம்புசாமிப் பிள்ளை முயற்சியால் வழிபாட்டிடமாகி, 1892 முதல் தைப்பூசம் நடைபெற்றுவரும் அந்தக் குகையின் கூரை ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் ஒலியை உறிஞ்சுவது மிகக் குறைவு. கூரைவரை போன ஒலி திரும்புவதற்கே அரை வினாடிக்கு மேலாகும். 272 படிகளின் அடியில் நின்று கேட்கும்பொழுது உறுமி மேளத்தின் ஒவ்வோர் அடியும் தெளிவாக எண்ணும்படி இருக்கும். அதே மேளம் குகைக்குள் நுழைந்ததும் அடியோடு அடி கலந்து ஒரே இரைச்சலாகிவிடுகிறது. உட்குகையில் வானம் தெரியும் திறப்பு இல்லாவிட்டால் நிலை இன்னும் மோசமாயிருக்கும். அத்திறப்பும் சபைன் கூறிய சாளரமே. அந்தக் குகையில் நிதானமாக இழுத்துப் பாடும் விருத்தம் சிறக்கும். துரித கதியில் பாடும் சுரம் சிதைந்துபோகும். கல்மண்டபங்களில் ஓதுவார் பதிகத்தை அவசரமின்றி நிறுத்தி நிறுத்திப் பாடுவதும் அவ்விடத்துக்கு இசைந்ததே. சபைனின் விதியைத் துணைக்கொண்டு 1900-இல் கட்டி முடிக்கப்பட்ட பாஸ்டன் இசை மண்டபத்தில், மக்கள் நிறைந்திருக்கும்பொழுது முழக்க நேரம் 2 வினாடிக்குச் சற்றுக் குறைவு. வாத்தியக் குழுவுக்கு அது பெருமைக்குரிய அளவு. சொற்பொழிவுக்கு அது ஆகாது.

பாட்டுக்கு ஆகும் அளவு சொல்லுக்கு ஏன் ஆகாது என்பதே தமிழாசிரியர் கருதத்தக்க வினா. முதலில், பாட்டும் சொல்லும் கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்கின்றனர். குளியலறையில் பாடினால் நன்றாயிருக்கிறது என்று அங்கேயே பாடிப் பழகும் பிள்ளை, மின்விசிறிகள் சுழலும் பெரிய மண்டபத்தில் மேடையேறியதும் திடுக்கிடுகிறது. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் எங்கோ போய்விட்டது. மெலிந்த வேறொரு குரல் வாயிலிருந்து புறப்படுகிறது. அதை ஈடுகட்டக் கத்துகிறது. கத்தினால் சுருதி ஏறுகிறது. போட்டியில் தோற்பது பெரிதன்று. "எனக்குக் குரல் இல்லை" என்று பத்து வயதிலேயே முடிவு கட்டிக்கொள்வதுதான் கொடுமை. குளியலறை சொன்ன புகழ்ச்சியும் மண்டபம் சொன்ன இகழ்ச்சியும் ஒருசேரப் பொய் என்பதை அப்பிள்ளைக்குச் சொல்வார் வேண்டும். மெத்தையும் திரையும் உள்ள படுக்கையறையிலோ வீட்டு வாசலிலோ சுருதிப்பெட்டியோடு பாடிப் பழகி, வாரத்தில் ஒரு நாள் குளியலறையில் பாடி மகிழ்வதில் தவறில்லை. குளியலறையிலேயே பழகும் பிள்ளை உச்சரிப்புப் பிழையை ஒருநாளும் தானே கண்டுகொள்ளாது. முழக்கம் முதலில் விழுங்குவது மெய்யெழுத்துகளை அல்லவா?

தமிழில் இவ்விழப்பு மிகப் பெரிது. உயிரோசை வலியது, நீள்வது. மெய்யோசை மெலியது, கணத்தில் முடிவது. தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டும் மெய்க்கு அரையும் வகுத்து, கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அதற்கு அளவாகக் காட்டியது. வழக்கமான பேச்சில் வினாடிக்கு நான்கைந்து அசைகள் ஒலிக்கின்றன. முழக்கம் ஒன்றரை வினாடி நீளும் அறையில், முன்பு ஒலித்த ஐந்தாறு அசைகளின் எச்சம் இப்பொழுது ஒலிக்கும் அசையின்மேல் படர்ந்திருக்கும். அந்த எச்சத்தில் வலுவுடையது உயிரோசை. அது அடுத்து வரும் மெய்யை மறைக்கிறது. 'பலம்', 'பழம்' இரண்டும் ஒன்றாய்விடும். 'மரம்', 'மறம்' வேறுபாடு தேயும். 'படு' என்பதன் பின் எச்சம் நீள, அது 'பாடு' போலவும் கேட்கும். 'பட்டு' என்பதில் டகரத்தை இரட்டிப்பாகக் காட்டுவது இடையிலுள்ள சிறு மௌனம். முழக்கம் அம்மௌனத்தை நிரப்பிவிட்டால் இரட்டிப்பு எங்கே? சொல்லிறுதிக் குற்றியலுகரமோ அரை மாத்திரைதான். அது இருந்த இடமே தெரியாமல் போகும். குளியலறைப் பாடகரின் பிசிறுகளை நிரவிய அதே கைதான் ஈண்டு லகர ளகர ழகரங்களையும் நிரவிவிடுகிறது.

வகுப்பறையையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஒன்பது மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். பூசிய சுவர், ஓடு பதித்த தரை, வெறுங்கூரை. கன அளவு 189. ஆறு பக்கமும் நூற்றுக்கு மூன்று வீதம் உறிஞ்சினால் ஏறக்குறைய 7 சதுர மீட்டர். முப்பது பிள்ளைகள் 12 சதுர மீட்டருக்கு ஈடு. குளிரூட்டிக்காகச் சாளரங்களைச் சாத்தினால் முழக்கம் 1.6 வினாடி! குளியலறையையும் மிஞ்சிவிட்டது. எட்டுச் சதுர மீட்டர் அளவுக்குச் சாளரங்களைத் திறந்தால் 1.1 ஆகக் குறையும். ஆயின் சாலையின் இரைச்சல் உள்ளே வரும். அமெரிக்காவில் வகுப்பறைகளுக்கு வகுத்துள்ள தரம், இவ்வளவு பெரிய அறைக்கு 0.6 வினாடிக்கு மேற்படலாகாது என்பது. இத்தகைய அறையில் ஆசிரியரின் நேரொலியும் மீட்சி ஒலியும் சமமாகும் தொலைவு ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. முதல் வரிசை ஆசிரியரைக் கேட்கிறது. கடைசி வரிசை பெரும்பாலும் சுவரைக் கேட்கிறது. முதல் இருபதில் ஒரு வினாடிக்குள் வந்துசேரும் மீட்சிகள் நேரொலியோடு சேர்ந்து அதற்கு வலுவூட்டும் என்பது உண்மையே. தீங்கு செய்வன அதற்குப்பின் வருவன.

வயதில் முதிர்ந்தோர் கேளாத எழுத்தை மனத்தால் நிரப்பிக்கொள்வர். 'வாழைப்... தின்றான்' என்று கேட்டால் நடுவில் பழம் இருந்தது அவர்களுக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு சொல்வளம் இல்லை. வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் பிள்ளைக்கு 'பழம்' என்பதன் ழகரத்தைத் திருத்தமாகக் கேட்கும் இடம் வகுப்பறை ஒன்றே. அங்கும் அது சுவரில் தேய்ந்து வந்தால், அப்பிள்ளை 'பலம்' என்று எழுதுவதற்கு ஆசிரியர் அதன் கவனக்குறைவைக் காரணமாகக் கொள்வது நேர்மையாகாது. ஆசிரியர்க்கும் இழப்புண்டு. விளங்கவில்லை என்று கண்டு குரலை உயர்த்துகிறார். குரல் உயர முழக்கமும் கூடவே உயர்கிறது. பிள்ளைகளின் சலசலப்பும் லொம்பார் சொன்னபடியே உயர்கிறது. மாலையில் தொண்டை கட்டிக்கொள்கிறது. அவர் சொல்வது தந்தையார் சொன்னதுபோல் சாக்கன்று, மெய்யாகவே கட்டியிருக்கும்.

கத்துவதைவிட நிறுத்திப் பேசுவது பயன் தரும். ஒரு சொற்றொடருக்குப் பின் அரை வினாடி மௌனம் விட்டால் எச்சம் பெரிதும் அடங்கிவிடும். சொல்வதெழுதுதல் நடத்தும்பொழுது ஒரே இடத்தில் நில்லாமல் வரிசைகளுக்கிடையே நடந்து, ஒவ்வொரு சொல்லையும் இருமுறை இருவேறு இடங்களிலிருந்து சொல்லலாம். பின்சுவரில் பெரிய மென்பலகை மாட்டி, அதில் பிள்ளைகளின் ஓவியங்களைத் துணியில் ஒட்டித் தொங்கவிடுவதும் சிறிது பயனளிக்கும். வாசிப்பு மூலையில் தடித்த விரிப்பு போடலாம். பெரிய மாற்றம் வேண்டுமாயின் கூரைதான் இடம். ஒலி உறிஞ்சும் பலகைகளை 63 சதுர மீட்டர்க் கூரை முழுவதும் பதித்து, அவை நூற்றுக்கு அறுபது உறிஞ்சினால், அவை மட்டுமே 38 சதுர மீட்டராகும். அப்பொழுது 1.6 வினாடி, 0.6-க்கும் கீழே இறங்கிவிடும். புதிய கட்டடம் எழுப்பும் பள்ளி வாரியங்கள் ஓட்டின் நிறத்தைத் தேர்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு பகுதியை இக்கணக்குக்கும் ஒதுக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. அதற்குக் கருவி வேண்டியதில்லை. பலம், பழம், மரம், மறம், எடு, ஏடு, பட்டு, பாட்டு என்றாற்போன்ற இருபது சொற்களைக் கலைத்து, ஆசிரியர் கரும்பலகையருகே நின்று, வழக்கமான குரலில் ஒருமுறை மட்டும் சொல்லி எழுதச் செய்க. பிழைகளை வரிசை வாரியாக எண்ணுக. மறுநாள் முன்வரிசைப் பிள்ளைகளைப் பின்னும், பின்வரிசைப் பிள்ளைகளை முன்னும் அமர்த்தி, வேறு இருபது சொற்களை அதேபோல் சொல்லுக. பிழைகள் பிள்ளைகளோடு இடம் மாறுகின்றனவா, இருக்கைகளோடு நின்றுவிடுகின்றனவா என்று பார்த்தால், பாடத்தைத் திரும்ப நடத்துவதா, பின்சுவரில் துணி மாட்டுவதா என்பது அன்றே தெரிந்துவிடும்.